ஒட்டகத்துக்கு ஏறிய உப்பு

பஸ் டிப்போவில் அந்த டிரைவருக்கு ஒட்டகம் என்று பெயர். வண்டியை எடுத்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடமாட்டார். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் வண்டி தாமதமாகும், தாமதமானால் பயணிகள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பெருமை விடவில்லை. மனைவி செம்பை நீட்டினால், "நான் என்ன மாடா?" என்பார்.

பிறகு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேயும் மனுஷன் தண்ணீருக்கு வாயைத் திறக்கவில்லை. படுக்கையிலேயே ஒன்றுக்குப் போக வேண்டியிருக்குமே, கௌரவம் என்னாவது? கடைசியில் பேச்சு குழறி, யாரையும் அடையாளம் தெரியாமல் போயிற்று.

மனைவி கட்டிலருகே போனதும், "வழிய மறிக்காதம்மா, உள்ள போ, உள்ள எடம் இருக்கு!" என்று அதட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அவளும் கூடச் சிரித்துவிட்டு, வராந்தாவுக்குப் போய் அழுதாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளைப் பயணியாக்கிவிட்டாரே, இனி மனைவியாகப் பார்ப்பாரா மாட்டாரா?

"ரத்தத்தில உப்பு ஏறியிருக்கும்மா," என்றார் டாக்டர்.

அவளுக்குச் சுருக்கென்றது. "என் சமையல்ல உப்பே பத்தலைன்னுதான் டாக்டர் தினமும் சண்டை போடுவாரு!"

"உங்க சமையல யாரும் குத்தம் சொல்லலம்மா. உடம்புல தண்ணி வத்திப்போச்சு. அதான் உப்பு தூக்கலாயிடுச்சு."

இவ்வளவுதானா என்று கூஜாவோடு வந்து நின்றாள். நர்ஸ் பாய்ந்து தடுத்தாள்.

"உப்ப ஒரேயடியா இறக்குனா மூளை வீங்கிடும்மா! டிரிப்ஸ் போகுது. வாய்க்கு நான் சொல்றப்ப, சொல்ற அளவு குடுங்க. நடுநடுவுல ரத்தம் எடுத்துப் பாத்துப் பாத்துதான் இறக்கணும்."

"ஓ, மலையில வண்டி இறக்குற மாதிரி. சின்ன கியர்லதான் வரணும்!"

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். டிரைவர் பெண்டாட்டி கரண்டியும் கையுமாக உட்கார்ந்தாள்.

உப்பு இறங்க இறங்க அதட்டலும் இறங்கியது. ஒரு காலையில் கரண்டியை வாயருகே கொண்டுபோனபோது, அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"ஏண்டி, உதடெல்லாம் வெடிச்சிருக்கு? தண்ணி குடிச்சியா இல்லியா?"

அந்த 'ஏண்டி' காதில் விழுந்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"குடிச்சா எந்திரிச்சுப் போகணுமே. உங்கள விட்டுட்டு எப்படிங்க போறது?"

ஒட்டகம் கரண்டியை அவள் பக்கம் திருப்பியது.

"மொதல்ல நீ குடி. நான் எங்கயும் போகமாட்டேன்."