மணல் மூட்டை ராவுத்தர்

"பிஸ்மில்லா" என்று முணுமுணுத்துவிட்டு, வாசற்படியில் கிடக்கும் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறார் சேக் இஸ்மாயில் ராவுத்தர். மறுகணம் தெருவில் இறங்கிவிடுகிறார். அதை ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது. குழாயடியில் வரிசை கட்டி நிற்கும் குடங்களைத் தாண்டி, நடுச்சந்தில் படுத்து அசைபோடும் மாட்டைச் சுற்றி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போகிறார். திறந்த வெளி ஒன்று வந்ததும் மூட்டையை இறக்கி, இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்குகிறார். பிறகு அதே மூட்டையோடு திரும்பி வந்து வீட்டுக்காரரிடம், "மன்னிச்சிருங்க, தூரம் சாஸ்தி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார்.

மதுரையில் இவர் வாடகைக்கு வீடு பார்க்கிற முறை இது. கிணறு உப்பா, அடுப்படியில் புகைபோக்கி உண்டா என்றெல்லாம் கேட்பதில்லை. கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கம் திறக்கிறதா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பார். சந்துக்கு எத்தனை வாய் என்று பார்ப்பார். அப்புறம் மூட்டை.

மூட்டைக்குள் இருப்பது ஆற்று மணல். பிடிக்க வாகாகச் சாக்கின் இரண்டு மூலைகளையும் சுருட்டிக் கயிற்றால் கட்டிக் காது வைத்திருக்கிறார். அதன் எடை அவருடைய மகள் பக்ருன்னிசாவின் எடை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாதம் பிறந்தால் பெண்ணைத் தூக்கிக்கொண்டு முத்திருளன் விறகுக் கடைக்குப் போவார். பெரிய தராசின் ஒரு தட்டில் அவளை உட்காரவைத்து, இன்னொரு தட்டில் மூட்டையை ஏற்றி, தட்டுகள் சமமாகும்வரை மணலைக் கை கையாகப் போடுவார். பன்னிரண்டு வயதுப் பெண். வலது கால் முழங்காலுக்குக் கீழே சூம்பிக் கிடக்கிறது. அவளால் நடக்க முடியாது. ஆபத்து என்று ஒன்று வந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு அவர் வெட்டவெளிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஏற்ற தெருவைத்தான் ஏழு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆள் ஒல்லி. வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது, பார்த்தால் ஐம்பத்தைந்து சொல்லலாம். கட்டம் போட்ட கைலி, காது வரை இறங்கிய தொப்பி, இடுப்பில் வளையத்தில் கோத்த சாவிகள். ஒவ்வோர் அடிக்கும் அவை சலசலப்பதால், ராவுத்தர் வருகிறார் என்பது தெரு முனையிலேயே தெரிந்துவிடும். ரங்கூனில் பூட்டுக் கடை வைத்திருந்தவர். இந்த வருஷம் தை மாதம் கப்பலில் மகளோடு வந்து இறங்கியபின், சிம்மக்கல்லில் ஒரு சாக்கை விரித்துப் பூட்டு ரிப்பேர் செய்கிறார். எந்தப் பூட்டையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தே நோவு சொல்லிவிடுவார். ஆனால் தாம் படுக்கிற வீட்டில் தாழ்ப்பாள் போட மாட்டார். "உள்ள இருந்து சாத்துற கதவு எனக்கு ஆவாது தம்பி. அவசரத்துல கை நடுங்கும்" என்பார். ஊருக்கெல்லாம் பூட்டைச் சரிசெய்து கொடுக்கிற மனிதர் இப்படிச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது? நான் சிரித்தேன்.

இப்போது குடியிருப்பது காஜிமார் தெருப் பக்கம், அக்காள் ஜெயினம்புவின் வீட்டில். அந்தச் சந்து ஒரு பக்கம் அடைப்பு. "வந்த வழியே திரும்பணும். அந்த வழியில தீ எரிஞ்சா?" என்று கேட்கிறார். அக்காளுக்கு இதற்கு மேல் பொறுமையில்லை. "இம்புட்டுச் சனம் இங்கன பொறந்து வளந்து பேரன் பேத்தி எடுத்திருக்கு. இவனுக்கு மட்டும் எடம் பத்தலையாக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். ஆனாலும் தம்பி கடைக்குப் போனபின்னும் அவள் கதவைச் சாத்துவதில்லை என்று பக்ருன்னிசா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நெல்பேட்டையில் நல்ல வீடு கிடைத்தது. பாரவண்டிகள் வழியை அடைத்து நின்றதால் வேண்டாம் என்றுவிட்டார். மகபூப்பாளையத்தில் தூரத்தைக்கூட எண்ணவில்லை. "ரயிலடி பக்கமா? ஜப்பான்காரன் மொதல்ல அங்கதான் குண்டு போடுவான்." காளவாசலில் வெட்டவெளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கத்தினால் கேட்க ஆள் கிடையாது, ஆஸ்பத்திரிக்கும் தூரம். இப்படிப் பதினோரு வீடு.

பன்னிரண்டாவது வீடு என் வீட்டுச் சுவரை ஒட்டி இருப்பது. பேச்சியம்மன் படித்துறைக்குப் போகிற சந்து. வீட்டுக்குச் சொந்தக்காரர் நல்லகாமன் அவனியாபுரத்தில் இருப்பதால் சாவி என்னிடம் இருக்கிறது. ஆடி மாதம் ராவுத்தர் முதல் தடவை வந்து மூட்டையோடு ஆற்றுக்குப் போய்த் திரும்பினார். நூற்றெண்பது தப்படி என்றார். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி.

"ஆத்தங்கரை வீடு ராவுத்தரே. ஐப்பசியில வெள்ளம் வரும், பாத்துக்கிடுங்க" என்றேன். சாவி கையில் இருந்தாலும் பொய் சொல்லி வீட்டைத் தள்ளிவிடுகிற ஆள் இல்லை நான்.

"தண்ணி வாரதைக் கண்ணால பாத்துரலாம் தம்பி. தரையோட வரும். மேல இருந்து வராது."

என்றாலும் முடிவு சொல்லவில்லை. மறுபடி வந்தார், மறுபடி எண்ணினார். காப்பிக் கிளப்பில் நான்தான் அவருக்கு மணல் மூட்டை ராவுத்தர் என்று பெயர் வைத்தேன். அது ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. ஒரு நாள் அங்கே காப்பி குடிக்கும்போது அவரிடமே கேட்டேன்: "ஜப்பான்காரன் மதுரைக்கு எதுக்கு ராவுத்தரே வாரான்? மல்லியப்பூ வாங்கவா?"

அவர் கோபிக்கவில்லை. "ரங்கூன்லயும் இப்படித்தான் பேசிக்கிட்டாங்க. பேசிக்கிட்டே மேல பாத்தாங்க. மேல பாத்துக்கிட்டு நின்ன சனம் அம்புட்டும் அங்கனயே போச்சு" என்றார். காப்பி அதற்குள் ஆறிவிட்டது. மிச்சத்தை நான் குடிக்கவில்லை.

மூன்றாம் தடவை அவர் வந்தபோதுதான் அது நடந்தது. படித்துறைக்குப் பக்கத்தில் மூட்டை தோளிலிருந்து நழுவியது. பின்னாலேயே போன நான் ஒரு கை கொடுக்கலாம் என்று அதன் அடியில் கையை வைத்தேன்.

"தொடாதீங்க!"

எறும்புக்கும் வழி விடுகிற மனிதர் போட்ட அந்தச் சத்தத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூட்டையை மார்போடு கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.  பிறகு என் முகத்தைப் பார்க்காமல் அவரே சொன்னார்.

அவருக்கு இரண்டு பெண்கள். மனைவி இளையவளைப் பெற்றுப்போட்டுவிட்டு இறந்துபோனவள். குண்டு விழுந்த அன்று பக்ருன்னிசாவின் வலது கால் உத்தரத்தின் கீழ் நசுங்கிவிட்டது. அவளைத் தூக்கினால் ஆறு வயது லத்தீபாவைத் தூக்க முடியாது. பக்கத்து வீட்டு நைனா முகமது பத்து வருஷப் பழக்கம். "நீங்க பெரியவளைப் பாருங்க, சின்னவளை நான் கொண்டாறேன். ஏரிக்கரைக்கு வந்திருங்க" என்றாராம். இவர் குழந்தையை அவர் கையில் கொடுத்தார்.

"ஏரிக்கரையில ஒம்பது நாள் உக்காந்திருந்தேன் தம்பி. அவரும் வரலை, புள்ளையும் வரலை. அவர் மேல குத்தம் சொல்ல மாட்டேன். நல்ல மனுசன். ஆனா என் கையில இருந்து குடுத்தது நாந்தான்" என்றார் ராவுத்தர்.

அன்றிலிருந்து என் சிரிப்பு போய்விட்டது. சிரிப்பு போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. என் வீட்டிலிருந்து ஆற்றுக்கு எத்தனை தப்படி என்று நானும் எண்ணிப் பார்த்தேன். கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டேன். என் மனைவி முத்துத்தாய் இதையெல்லாம் கவனித்துவிட்டு, "அந்த மூட்டையில பாதிய ஒங்க தலையில எறக்கிட்டாரு போல" என்றாள். விளையாட்டாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

பக்ருன்னிசாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் தோள் நோகிறதென்று அந்தப் பெண் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். ஆவணி மாதம் தராசில் வைத்தபோது மணல் தட்டு தாழ்ந்து, அவள் தட்டு மேலே போனது. முத்திருளன் சிரித்தார். ராவுத்தர் சிரிக்கவில்லை. விறகுக் கடையிலேயே அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "வயிறு நிறையத் தின்னு தாயி. தூக்குறது அத்தா வேலை. ஒன் வேலை வளர்றது" என்று சொல்லிவிட்டு அழுதார். அந்த மாதம் சாக்கிலிருந்து ஒரு பிடி மணலைக்கூட அவர் எடுக்கவில்லை.

புரட்டாசியில் நல்லகாமன் ஆள் அனுப்பினார். வெள்ளிக்கிழமைக்குள் ராவுத்தர் முடிவு சொல்லாவிட்டால், மதராஸிலிருந்து பயந்து ஓடிவந்த ஒரு குடும்பத்துக்கு வீட்டை விட்டுவிடுவாராம். செவ்வாய்க்கிழமை காலை ராவுத்தர் ஜட்கா வைத்து மகளையே கூட்டிவந்தார். அவள் வீட்டைப் பார்த்து, "அத்தா, இங்க காத்து வருது" என்றாள். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் தெற்கே ஒரு இரைச்சல் கேட்டது. முதலில் மில் பக்கம் என்று நினைத்தேன். இரைச்சல் வளர்ந்தது, ஓட்டு மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழும்பின. ஒரு விமானம் கோபுரங்களுக்கு மேலே தாழ்வாக வந்தது. "வந்துட்டான்!" என்று யாரோ கத்தினார்கள்.

நான் ஓடினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிடவில்லை. நூற்றெண்பது தப்படியையும் நான் எண்ணவில்லை, மணலில் கால் புதைந்த பிறகுதான் ஓடி வந்திருக்கிறேன் என்பதே தெரிந்தது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். படித்துறையின் நடுவில் ராவுத்தர் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். கால் மடங்கிவிட்டது. தோளில் பக்ருன்னிசா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் ஜனங்கள் அவர்களை உரசிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர் எழ முயன்றார், முடியவில்லை. நான் மணலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கொஞ்ச நேரந்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மேலே இரைச்சல் தலையைப் பிளந்தது.  ஆனாலும் எப்படியோ கால் திரும்பியது. கூட்டத்துக்கு எதிராகப் படியேறிப் போய் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அவர் பெண்ணைக் கொடுக்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் அழகர்கோவில் மலைப் பக்கமாகப் போய் மறைந்தது. நம்முடையதுதான் என்று பிறகு சொன்னார்கள். ஆற்றில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கையில் கரண்டியோடு வந்து சேர்ந்த முத்துத்தாய், "என்னைய ஒரு சத்தங்கூடக் கூப்பிடலையே நீங்க" என்றாள்.  ராவுத்தர் நொண்டிக்கொண்டே போய் மகளை ஜட்காவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தார். முழங்காலில் துணிக்கட்டு. கூடவே மூட்டை. வீடு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரனை நம்பி யார் குடிவருவார்கள்?

"ராவுத்தரே, அன்னைக்கு நாந்தான் மொதல்ல ஓடுனேன்" என்றேன்.

"பாத்தேன்" என்றார். பிறகு, "எல்லாருந்தான் ஓடுனாங்க தம்பி. திரும்பி வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

 அவர் மூட்டையைத் தூக்கினார். தம் தோளுக்குக் கொண்டுபோகவில்லை. "கொஞ்சம் குனியுங்க" என்று சொல்லி என் தோளில் வைத்தார். "ஒரு படி மணல் கூடப் போட்டிருக்கேன். வளர்ற புள்ள. எண்ணிக்கிட்டே போங்க."

நான் தெருவில் இறங்கினேன். கனம் தோளில் இல்லை, வயிற்றில் இருந்தது. இனிமேல் எந்த இரைச்சல் கேட்டாலும் என்னால் வெறுங்கையோடு ஓட முடியாது என்பது பத்தாவது தப்படியிலேயே புரிந்துவிட்டது. பயத்தில் எண்ணிக்கை தவறியது, மறுபடி பிடித்தேன். குழாயடி, மாடு, படித்துறை. பின்னால் சாவிகளின் சலசலப்பு நொண்டி நொண்டி வந்துகொண்டே இருந்தது. மணலில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: வாசற்படியிலிருந்து அதுவரைக்கும் மூட்டையின் ஒரு காதை அவர் விடவே இல்லை.