கட்டுச்சோற்றில் மிதிபட்ட புல்

கட்டுச்சோற்றுக்குக் கிணத்துக்கடவிலிருந்து என் மனைவியின் அப்பா, அம்மா, பெரியம்மா, தங்கைகள், அவர்கள் தெருவில் பாதிப்பேர் என்று ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். மாடியிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் வெள்ளை வேட்டியோடு இறங்கி வந்திருந்தார். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து என் அம்மா வந்திருந்தாள். அப்பா வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் லீவு தரமாட்டார்கள். பந்தலில் என் பக்கத்து ஆள் என்று அம்மா ஒருத்திதான்.

ஏழாம் மாதத்தில் பெண் வீட்டார் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்து விருந்து வைத்து, மகளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு போகிற நாள் அது. எண்பதுகளில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பின்தெருவில் நாங்கள் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தோம். உள்ளே இடம் போதாது. அதனால் வீட்டு முன்னால் இருந்த புல்தரையில் பந்தல் போட்டோம். நான்கு கட்டில் போடக்கூடிய இடம்தான். முதல் நாள் மழை பெய்து மண் ஊறிக் கிடந்தது. அதன்மேல் அத்தனை பேரும் நின்று சாப்பிட்டார்கள், நடந்தார்கள், பந்தி மாறினார்கள். புல் இருந்த இடமெல்லாம் சேறாகிவிட்டது.

கிளம்புகிறபோது மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் தப்பித்திருந்த கொஞ்சம் புல்லின்மேல் நின்றாள்.

“ஏனுங்க, நான் குழந்தையோட வாரப்ப இது பழையபடி ஆயிருக்கோணும். எம்பட புள்ளைய இந்தப் புல்லுலதான் தவழ உடுவேன்.”

“ஆயிருமுங்க அம்மணி” என்றேன். அதற்குள் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் முறை. அவளும் பார்க்கவில்லை. வேன் தெருமுனையில் திரும்பும்வரை நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா ஒரு மாதம் என்னோடு இருந்தாள். அவளுக்குச் சொந்தமாக முற்றம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான அந்த வரிசை வீடுகளில், கதவைத் திறந்தால் ஒரு சிமெண்ட் பட்டை, அதற்கப்புறம் சாக்கடை, அதற்கப்புறம் அடுத்த லயத்துக் கதவு. இங்கே வந்து பார்த்தால் மகன் வீட்டு முன்னால் மண் சொட்டை சொட்டையாகக் கிடக்கிறது. சம்பந்தி வீட்டார் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கு ஒரே கூச்சம். பால்காரரிடம் எருமைச் சாணி கேட்டு வாங்கி, செவ்வாயும் வெள்ளியும் அந்தச் சொட்டைகளை வழவழவென்று மெழுகிவிட்டாள். மேலே சின்னச் சின்னதாகக் கோலம் வேறு.

“ஏம்மா, புல்லு முளைக்கோணுமல்லொ?”

“முளைக்கறப்ப முளைக்கட்டும் சாமி. அதுவரைக்கும் ஊட்டு மொகம் லட்சணமா இருக்கட்டும்.”

எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. சாணி உரம்தானே என்று நினைத்தேன். மேலே இருந்து பார்த்த வீட்டுச் சொந்தக்காரர் மட்டும், “தம்பி, புல்தரைக்கு சிமெண்ட் போட்டதாட்டம் இருக்குதுங்க” என்றார். அவர் கணபதிப் பகுதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். மகன்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தபின் பேச்சுக்கு ஆள் கிடைக்காமல் இருந்தார். நான் கிடைத்தேன்.

லீவு நீண்டுவிட்டது, பேரை எடுத்துவிடுவார்கள் என்று எஸ்டேட்டிலிருந்து சொல்லி அனுப்பியதும் அம்மா மலையேறிப் போனாள். வீட்டில் நான் மட்டும். காலையில் குழாயடியில் நின்று தண்ணீர் விட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. அப்படியே தகடுபோல் நின்று, பிறகு தெருவுக்கு ஓடிவிடும். மிதித்து இறுகிய களிமண். அதன்மேல் வாரம் இரண்டு தடவை போட்ட மெழுக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிணத்துக்கடவுக்குப் போவேன். வாரம் தவறாமல் வருகிற மாப்பிள்ளையைப் பார்த்து அந்தத் தெருவே சிரித்தது. மனைவி சொம்பில் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்பாள்: “புல்லு எப்படிங்க இருக்குது?”

“வந்துட்டே இருக்குது.”

“போன வாரமும் இதேதான் சொன்னீங்க.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதுவாக இருந்தாலும் அச்சில் பார்த்தால்தான் எனக்குத் தைரியம் வரும். நூலகத்தில் தோட்டக்கலைப் புத்தகங்களைத் தேடி எடுத்துப் படித்தேன். மண்ணுக்குக் காற்று போக வேண்டும், அதற்குத் துளை போட வேண்டும் என்று இருந்தது. துளைதானே என்று கடப்பாரையை எடுத்தேன். ஒரு குத்துக்கு ஒரு பெரிய கட்டி பெயர்ந்து வந்தது. குழியில் தண்ணீர் நின்று கொசு வந்தது. வீட்டுச் சொந்தக்காரர் மாடியிலிருந்தே கேட்டார்: “ஏனுங்க தம்பி, தென்னம்புள்ளை வெக்கறீங்களா?”

அடுத்து ஒரு படத்தைப் பார்த்துப் பலகையில் நீள ஆணிகளை அடித்து, கயிற்றால் ஷூவில் கட்டிக்கொண்டு நடந்தேன். முதல் அடி நன்றாக இறங்கியது. இரண்டாவது அடி எடுக்கக் கால் வரவில்லை, நான் மட்டும் முன்னால் போய்க் கையூன்றி விழுந்தேன். ஆனாலும் விடாமல் மூன்று மாலை நடந்தேன். துளைகள் பார்க்க அழகாக இருந்தன, சல்லடைபோல. தண்ணீர் விட்டதும் ஒன்றையும் காணோம். ஆணி மண்ணை வெளியே எடுக்கவில்லை, பக்கத்தில் தள்ளி இன்னும் இறுக்கத்தான் செய்திருக்கிறது. மண் கிளறுகிற, நான்கு பல் வைத்த ஃபோர்க் ஒன்றை இரவல் வாங்கி, குத்தி முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். அது பரவாயில்லை. கொஞ்சம் தண்ணீர் இறங்கியது. ஆனால் அம்மாவின் மெழுக்கு இருந்த இடத்தில் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. கோலத்தோடு.

குழந்தை பிறந்துவிட்டது. பெண். அவளைப் பார்த்துவிட்டு வந்த மாலையில், புத்தகத்தில் கடைசியாகப் படித்ததை வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னேன். குத்துவது போதாது, உள்ளே பொள்ளலாக இருக்கிற குழாயால் மண்ணையே வெளியே எடுக்க வேண்டுமாம்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? ஆணியக் கட்டிட்டுக் கூத்தாட்டம் ஆடிட்டு!”

பட்டறையில் கிடந்த பழைய அரையங்குலக் குழாயில் சாண் நீளத் துண்டுகள் மூன்று வெட்டி, வாயைக் கடைந்து கூராக்கி, மிதிக்க ஒரு கம்பியும் பிடிக்க ஒரு கைப்பிடியும் வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தார். “எம்பட வேலைக்கு ஒண்ணுமில்லீங்க, பசங்க கூலி மட்டும் குடுத்துருங்க.” முதல் நாள் மண் குழாய்க்குள் அடைத்துக்கொண்டது. திருப்பிக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் ஒரு வாய் திறந்து வந்தார். மறுநாள் முந்தின மாலையே நனைத்து வைத்த மண்ணில் மிதித்தால், விரல் நீளத்துக்கு மண் உருளைகள் அந்த வாய் வழியாக விழுந்தன. தரையெல்லாம் காராச்சேவு கொட்டியது போல இருந்தது. காய்ந்ததும் சீமாற்றால் தட்டி உடைத்து, சலித்த எருவும் ஆற்றுமணலும் கலந்து துளைகளில் கூட்டித் தள்ளினேன். அன்று தண்ணீர் விட்டபோது தெருவுக்கு ஒரு சொட்டு ஓடவில்லை. குடித்தது. சத்தம்கூடக் கேட்டது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை அப்படிச் செய்தேன். ஓரத்துப் புல் விரல்விரலாக உள்ளே வந்தது.

குழாயடியில் ஒரு முறத்தளவு இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அம்மா மெழுகியதில் பெயராமல் மிஞ்சியது அது. கருவியைக் கொண்டுபோய் வைத்தேன், மிதிக்கக் கால் வரவில்லை. அது கரைந்து போகாமல் இருக்க வெள்ளிக்கிழமைகளில் நானே பால்காரரிடம் சாணி வாங்கி மெழுகினேன். ஆபீஸ் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு.

“அந்த ஒண்ணை ஏனுங்க உட்டுப்போட்டீங்க?” என்றார் வீட்டுச் சொந்தக்காரர்.

“இருக்கட்டுமுங்க.”

என் முகத்தைப் பார்த்தார். அதற்கு மட்டும் அவர் கேலி பேசவில்லை.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனதும் மனைவி வந்தாள். பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் புல்லின்மேல் நடந்தாள், திரும்ப நடந்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு மகளைக் கீழே விட்டாள். புல் பட்டதும் குழந்தை இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டு வீறிட்டது. மறுபடி விட்டால் மறுபடி அலறல்.

மாடியிலிருந்து குரல் வந்தது. “உங்க புள்ளைக்குக் குத்துதாட்டம் இருக்குது தம்பி. இன்னும் நாலு ஓட்டை போடலாமுங்களா?”

மனைவி அழுகையோடு சிரித்தாள். மண் ஒட்டிய காலைக் கழுவ மகளைக் குழாயடிக்குத் தூக்கிப் போய், அந்த மெழுகிய இடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் திறந்தாள். குழந்தை உள்ளங்கையால் தரையைத் தட்டிப் பார்த்தது. கிணத்துக்கடவில் வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்தவள், அங்கே முட்டி போட்டு எழும்பி, இரண்டு எட்டு தவழ்ந்தாள்.

“இது அத்தை மொழுகுனதுங்களா?”

“ஆமா. இப்ப நான் மொழுகறேன்.”

“நீங்களா!” என்றவள், குனிந்து அந்த மெழுக்கை விரலால் தடவினாள். “இவ தவழறதை அத்தை பாக்கோணுங்க. ஞாயித்துக்கெழமை வால்பாறைக்குப் போலாம்.”

போனோம். கொண்டையூசி வளைவுகளில் குழந்தை என் சட்டையிலும் அவள் சேலையிலும் வாந்தியெடுத்து, மலையேறுவதற்குள் சோர்ந்து தூங்கிவிட்டது. லயத்து வாசலில் அம்மா அந்தச் சிமெண்ட் பட்டையை முன்கூட்டியே கழுவித் துடைத்து வைத்திருந்தாள். பேத்தி அவள் மடியில் தூங்கியது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை தூங்கியது.

“எழுப்பட்டுங்களா அத்தை? இன்னேரத்துக்கு நல்லாத் தவழுவா” என்றாள் மனைவி.

“வேண்டாம் கண்ணு, தூங்கற புள்ளைய எழுப்பாதே” என்றாள் அம்மா. குழந்தையின் உள்ளங்கையை விரித்து, முட்டியைத் தடவி, அங்கே சாணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுச் சொந்தக்காரர் மாடிப்படியில் நின்று, இந்தப் புல்லுக்கு ஆகமொத்தம் எவ்வளவு ஆச்சுதுங்க தம்பி என்றார். ஆணி, பலகை, பட்டறைக் கூலி, மணல், எரு எல்லாம் கூட்டினேன். வால்பாறைக்குப் போக வர பஸ் டிக்கெட்டையும் அதில்தான் சேர்த்தேன். முந்நூற்று முப்பத்தேழு ரூபாய்.