செவப்பு யானை சீட்டு

புதுசா ஆப்செட் மிசின்ல நிக்க வர்றவுகளுக்கு நா சொல்றது ஒண்ணுதான். ஆர்டர் குடுத்த பார்ட்டி சரின்னு கையெழுத்துப் போட்ட புரூப் சீட்ட பாக்காம கலர்ல கை வைக்காதீக. நா வச்சேன்.

எட்டாவதோட நின்னுட்டு, சிவகாசில காலண்டர் அடிக்கிற கம்பெனில சேந்தேன். போன சீசன்ல ஒரு டூர் கம்பெனி ஆர்டர் வந்துச்சு. ஆப்பிரிக்காவுல மிருகம் பாக்கக் கூட்டிட்டுப் போறவுக. ஆறு சீட்டு காலண்டர், சீட்டுக்கு ஒரு காடு. செரெங்கெட்டில சிங்கம். மசாய் மாராவுல ஆத்த நீந்துற மாடு மாதிரி ஒரு கூட்டம். நகுரு ஏரில ரோஸ் கலர் பறவை. இங்கோரோங்கோரோ, பெரிய சட்டி மாதிரி பள்ளம். அம்போசெலில பனிமலைக்கு முன்னாடி யானை. கடைசி சீட்டு சாவோ. அதுலயும் யானைதான், ஆனா செங்கல் கலர்ல.

மிசின்மேன் அண்ணன் சாப்பிடப் போயிருந்தாக. யானை எங்கயாச்சும் செவப்பா இருக்குமா, இங்க் ஏறிப்போச்சுன்னு நெனச்சு மெஜந்தாவையும் மஞ்சளையும் கொறச்சேன். சாம்பல் கலர்ல அம்சமா வந்துச்சு.

அண்ணன் வந்து ஒரு சீட்ட உருவிப் பாத்தாக.

"ஏலே, யானைய குளிப்பாட்டிட்டியாக்கும்?"

"செவப்பு ஏறிருந்துச்சுண்ணே."

"அந்தக் காட்டு மண்ணு செவப்புலே. அதுல பொரண்டா யானையும் செவப்பு. அதுக்குத்தான் பார்ட்டி அந்தப் படத்தையே குடுத்துருக்கு. புரூப் எதுக்குத் தொங்குது, திருஷ்டிக்கா?"

அடிச்சதெல்லாம் வேஸ்ட். வேஸ்ட் சீட்டு வெடிக்குக் குழாய் சுத்தப் போயிரும். எங்களுது போறது நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு. எங்க அக்கா அங்கதான் குழாய் சுத்துனா.

மறுவாரம் அதுல ஒண்ண மடிச்சுக் கொண்டாந்தா.

"உங்க கம்பெனி சீட்டுதானலே? இம்புட்டு நல்ல படத்த ஏன் தள்ளுனீக?"

சொன்னேன். சிரிச்சா. அன்னைக்கு வெடிமருந்து அடைக்கிற ரூம்ல ஆள் பத்தலைன்னு அவளையும் உக்கார வச்சிருந்தாக. கை, காது, புருவமெல்லாம் அலுமினியப் பவுடர் மின்னுச்சு.

"அது மண்ணுல பொரண்டு செவப்பு. நாங்க மருந்துல பொரண்டு வெள்ளி. எங்களப் படம் புடிச்சா நீ அதையும் கொறச்சிருப்ப." பெறகு, "அந்தச் செவப்பு யானை ஒண்ணு கொண்டாலே, செவத்துல ஒட்டணும்"னா.

நல்ல சீட்ட எண்ணி வச்சிருப்பாக. தப்பு பண்ணவன் போயி எப்பிடிக் கேக்கன்னு எனக்குக் கூச்சம். அவ தெனமும் கேட்டா. நா நாளைக்கு, நாளைக்குன்னே சொன்னேன். பதினோரு நாளு.

பன்னெண்டாம் நாளு மருந்து ரூம் வெடிச்சிருச்சு. உள்ள போறவுக செருப்ப வெளிய கழட்டிப் போடணும். அக்கா செருப்பு அங்கன கெடந்துச்சு. அத வச்சுத்தான் அவளும் உள்ள இருந்தான்னு தெரிஞ்சுச்சு.

காரியம் முடிஞ்சு வேலைக்குப் போனேன். மொதலாளி கூப்பிட்டு, "ஏதும் வேணுமாப்பா?"ன்னாக.

"சாவோ சீட்டு ஒண்ணு."

எதுக்குன்னு கேட்டாக. சொன்னேன். அவுகளே போயி எடுத்தாந்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் குடுத்தாக.

"அப்பமே கேட்டிருந்தா அப்பமே குடுத்திருப்பேனேப்பா."

இப்ப அந்தச் சீட்டு எங்க வீட்டுச் செவத்துல இருக்கு. பக்கத்துல அவ மடிச்சுக் கொண்டாந்த சாம்பல் யானை. புரூப்ப பாத்து அடிங்க. தப்பாப் போனா மறுபடி அடிச்சுக்கலாம். வீட்டுல ஒருத்தி ஒண்ணு கேட்டா மட்டும், அன்னைக்கே கேட்டு வாங்கிட்டுப் போயிருங்க.