இரங்கல் நாளில் ஒரு குறுக்கு விசாரணை

எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொன்னால் ஆறு மாதத்துக்குக் கிண்டல் செய்வாள். எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு.

அவளுக்குச் சேத்தியாத்தோப்பு, எனக்கு விருத்தாசலம். சட்டக் கல்லூரியில் ஐந்து வருடமும் ஒரே வகுப்பு. கடைசி வருடம் கேன்டீனில் உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான், முடித்துவிட்டு என்ன செய்வது. அவள் சிவில் ஜட்ஜ் பரீட்சை என்று முடிவு செய்து புத்தகம்கூட வாங்கிவிட்டாள். எனக்குச் சென்னை. கம்பெனி வழக்குகள் மட்டும் பார்க்கும் பெரிய ஆபீஸ், கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட். நேர்காணலில் தேர்வாகியும் விட்டேன். இந்த வருடமே டிகிரி முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர்கள் நிபந்தனை. வகுப்பில் அன்று முதல் என் காலர் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

நடுவில் நின்றது ஒரு ரெக்கார்டு நோட்டு. ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு. இரண்டையும் கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்து, நாள்வாரியாக எழுதி, பயிற்சி தந்த வக்கீலிடம் கையெழுத்து வாங்கிக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் சென்னையும் இல்லை.

விருத்தாசலத்தில் ஒரு பெண் வக்கீலிடம் நாங்கள் இருவரும் பயிற்சிக்குச் சேர்ந்தோம். அவள் சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் காலை பஸ் பிடித்து வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் வீடு இருந்த நான் மூன்று நாள் போனேன். மூன்று நாளும் வாய்தா. அதாவது வழக்கைக் கூப்பிடுவார்கள், இரண்டு வக்கீலும் எழுந்து நிற்பார்கள், இன்னொரு தேதி போடுவார்கள், உட்கார்ந்துவிடுவார்கள். இதைப் பார்க்கவா ஐந்து வருடம் படித்தேன் என்று கிளம்பிவிட்டேன்.

இரண்டு வருடம் முன்பு இதே கோர்ட்டில் பயிற்சி எடுத்த ஒரு அண்ணனின் நோட்டைக் கேட்டு வாங்கினேன். ஒரே மதியத்தில் மொத்தத்தையும் காப்பி அடித்தேன். முட்டாள்தனமாக அடிக்கவில்லை. வாதி, பிரதிவாதி பெயர்களை மாற்றினேன். தேதிகளை இந்த வருடத்துக்குக் கொண்டுவந்தேன், ஞாயிற்றுக்கிழமை வராமல் காலண்டரைப் பார்த்துப் பார்த்து. தகராறில் இருந்த கிணற்றை வேப்பூரிலிருந்து கிளப்பி நல்லூரில் வைத்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கையாக இருந்தது.

கையெழுத்து வாங்கும் நாள் இருவரும் மேடம் ஆபீஸுக்குப் போனோம். மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பீங்கான் வாத்து, மூக்கு உடைந்தது. எங்கள் ஊரில் எந்த ஆபீஸ் மேசையிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். "நோட்ட வச்சிட்டு உக்காருங்க தம்பி, மேடம் வந்துடுவாங்க" என்றார் குமாஸ்தா. வாத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் சும்மா இருக்காமல் என் நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். திரும்பப் படித்தாள். பிறகு நோட்டைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். அதற்குள் மேடம் உள்ளே வந்துவிட்டார்.

"தம்பி நோட்டு எங்க?"

"அவன் இன்னும் முடிக்கல மேடம். சோம்பேறி" என்றாள் அவள்.

வெளியே வந்து டீக்கடையில் கத்தினேன். "உனக்கு என்ன வந்துது? நான் தான் முடிச்சிட்டேன்ல?"

"பதினேழாம் பக்கம். குறுக்கு விசாரண பண்ண வக்கீலு பேரு என்னா போட்டிருக்க?"

பார்த்தேன். எல்லாப் பெயரையும் மாற்றிய நான் வக்கீல் பெயரை அப்படியே விட்டிருந்தேன். "அதுக்கென்ன? இங்க இருக்கிற வக்கீலு தான?"

"இருந்த வக்கீலு. மேடத்தோட சீனியர். நீ போட்டிருக்கிற தேதி என்னா தேதி தெரியுமா? அவரு செத்த மறுநாளு. அன்னிக்கு ஒரு வக்கீலும் கோர்ட்டுக்குள்ள போவல, எல்லாரும் எழவு வூட்டுல நின்னாங்க. மேடம் அழுததுல நாந்தான் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். நீ என்னாடான்னா அவர எழுப்பி, கவுனு மாட்டி, கேள்வி கேக்க வுட்டிருக்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"இப்ப என்ன பண்றது?"

"கிழிச்சிப் போடு. இன்னும் பதினஞ்சு நாளு இருக்குது. நாளைக்குப் பத்து மணிக்கு வெள்ள சட்ட போட்டுக்கிட்டு வந்து சேரு. கண்ணாடிக் கட்டடத்துக்கு அப்பறமா போவலாம்."

போனேன். பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டு அதே நோட்டைத்தான் கொண்டுபோனேன். ஒரு பாதைத் தகராறு வழக்கில் சாட்சி விசாரணை நடந்தது. கூண்டில் ஒரு அம்மா. பாதை எவ்வளவு அகலம் என்று வக்கீல் கேட்டார்.

"ஒரு மாட்டு வண்டி போவும்ங்க. எதிர்ல ஆளு வந்தா ஒதுங்கி நிக்கணும்."

"அடிக்கணக்குல சொல்லும்மா."

"நான் எதுக்குங்க அளக்கப் போறேன்? நடக்கறதுக்குத் தான பாதை?"

நீதிபதியே குனிந்து சிரித்தார். காப்பி அடித்த நோட்டில் சாட்சிகள் எல்லோரும் பரீட்சை விடைத்தாள் மாதிரி பேசியிருந்தார்கள். அந்த அம்மா பேசியதை அப்படியே எழுதினேன். அன்று மதியம் சாப்பாட்டுக்கு வெளியே போகக்கூட மனசு வரவில்லை.

சிவில் வழக்கை எழுதி முடித்தேன். கிரிமினல் வழக்கு ஒரு பைக் திருட்டு. பைக்கைப் பறிகொடுத்தவர்தான் முக்கியமான சாட்சி, இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. மூன்றாவது தேதி, நோட்டு கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு முதல் நாள். அன்று டவாலி அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறைதான், கையில் ஹெல்மெட்டோடு, வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். அவரைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை அந்தத் திருட்டுப் போன பைக்கே திரும்ப வந்திருந்தாலும் அவர் அடைந்திருக்க மாட்டார்.

மாலை மேடம் நோட்டை வரி விடாமல் படித்தார். பேனாவைத் திறந்துவிட்டுக் கேட்டார், "அன்னிக்கு முடிக்கலன்னு சொன்னாளே, அப்ப இந்த முன்பக்கமெல்லாம் ஏன் கிழிச்சிருக்க?"

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், சீனியர் பெயரையும் தேதியையும் சேர்த்து. என் பக்கத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குமாஸ்தா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். பேனா மேடம் கையில் அப்படியே இருந்தது. சென்னை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"அவரு இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு" என்றார் மேடம். கண் கலங்கியிருந்தது. "அப்பறம் உன்ன ஒரு மாசம் கோர்ட்டு வாசல்ல நிக்க வச்சிருப்பாரு. எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல. இந்தப் பக்கத்துல இருக்கிறது நீ பாத்தது தான?"

"ஆமாங்க மேடம்."

கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன், ஏன் என்னைக் காப்பாற்றினாய் என்று.

"உன்ன எங்க காப்பாத்துனேன்? ரெண்டு நோட்டும் ஒரே ஆபீஸ்ல இருந்து போவுது. உன்னுது பொய்யின்னா என்னுதையும் எவன் நம்புவான்? ஒரு மாசம் அந்த பெஞ்சுல உக்காந்து எனக்கு முதுகே போயிடுச்சு."

காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அந்த ஜிப்பை அவள் மூடாமல் விட்டிருந்தால், மேடம் பதினேழாம் பக்கத்தை எதுவும் தெரியாமல் திறந்திருப்பார். இழந்தது என் ஒரு வருடமாக மட்டும் இருந்திருக்காது. நான் பாஸ். சென்னை ஆபீஸில் சேரும் தேதியும் வந்துவிட்டது. அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், தொந்தரவு செய்யாதே என்று சொல்லியிருக்கிறாள். செய்யவில்லை.