கையெழுத்தின் மேல் ஒரு பொட்டு

ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டுக்கு ஒரு மெலிந்த மனிதர் வந்தார். கம்பனி தொடங்கினவர்களே கையெழுத்து வைத்த பழைய பங்குப் பத்திரங்களைச் சேர்க்கிறவராம். கையை வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் எந்தக் கடதாசியையும் தொடுவார்.

மாமனார் விட்டுப்போன பாய்க்கப்பல் கம்பனிப் பத்திரத்தைச் சாமியறையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். வந்தவருடைய முகம் வாடிவிட்டது. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் நான் வைத்த சந்தனப் பொட்டு கையெழுத்தை முழுதாய் மூடியிருந்தது.

"ஐயோ, ஈரத்துணியாலை துடைச்சுத் தரட்டே, அண்ணை?"

"வேண்டாம் தங்கச்சி. இந்தக் கையெழுத்தைத்தான் கனகாலம் தேடினனான். கப்பல் கடலிலை மூழ்கின பிறகு, கம்பனி தொடங்கின இந்த மனுசனைத் திட்டினவையைத்தான் கேள்விப்பட்டனான். பொட்டு வைச்சது நீர் ஒராள்தான்."

பத்திரத்தைக் கண்ணில் ஒற்றித் திருப்பித் தந்துவிட்டுப் போனார். தேடி வந்ததை ஏன் விட்டுப்போனார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பூசை வந்தால் அதே இடத்தில்தான் பொட்டு வைக்கிறேன். அவரையும் நினைத்துக் கும்பிடுகிறேன்.