சனிக்கிழமை எம்.எல்.ஏ.

மாசத்துல முதல் ஞாயிறு எங்க சர்ச்சுல திருவிருந்து, அப்பமும் ரசமும் கொடுப்பாங்க. அதுக்கு முந்தின நாள் எங்க வீட்டுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு மன்னிப்பு கேக்கக் கிளம்பிடுவார். யாருக்காவது தன் மேல வருத்தம் இருந்தா, அதைத் தீர்க்காம அப்பத்துல கை வைக்கக் கூடாதுங்கிறது அவரோட பிடிவாதம். சபையில எல்லாருக்கும் தெரிஞ்ச பைபிள் வசனம்தான் அது. அதுக்காக வீடு வீடா ஏறி இறங்கினது இந்த மனுஷன் ஒருத்தர்தான்.

மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வெச்சிருந்த வரைக்கும் பெரிய தொந்தரவு இல்ல. திட்டு வாங்கின கஸ்டமர், பக்கத்துக் கடைக்காரர், அப்புறம் நான். விளக்கு வைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். எம்.எல்.ஏ. ஆனதும் வந்தது வினை. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். சட்டமன்றத்துல பேசப் பேச சனிக்கிழமை வேலையும் அனுமார் வாலா நீண்டுது. "சனி பிடிச்சா ஏழரை வருஷம், நம்ம ஆளு பிடிச்சா ஒரு மணி நேரம்"னு கட்சிக்காரங்களே சிரிப்பாங்க. சனிக்கிழமை எம்.எல்.ஏ.ன்னு பேரே விழுந்துடுச்சு.

அவர் அரசியலுக்கு வந்ததே ஒரு நாற்காலியாலதான். அவரோட அண்ணனைக் குடி தின்னுடுச்சு. கல்லு மாதிரி இருந்த மனுஷனைக் கடைசியில ரெண்டு பேர் தூக்கித்தான் கட்டில்ல படுக்க வெச்சோம். அந்தத் துக்கம் ஆறுறதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு எதிர்லயே ஒரு சாராயக் கடை திறந்தாங்க. இவர் தன் கடையில கிடந்த நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் அது வாசல்ல போட்டு உக்காந்தார். முதல் நாள் தனியா, அப்புறம் தெருவே கூட உக்காந்துது. கடை இடம் மாறிடுச்சு. அடுத்த தேர்தல்ல கட்சி கூப்பிட்டு சீட் கொடுத்துது. ரெண்டு தடவை ஜெயிச்சார்.

பழைய காலத்து ஆளு. ஞாயித்துக்கிழமை ஓட்டு கேட்டுப் போக மாட்டார். லாட்டரி ஆகாது, சினிமா ஆகாது. பொண்ணு முடியைக் கத்தரிச்சுட்டு வந்தப்போ வீடு ரெண்டு பட்டுது. அந்தச் சனிக்கிழமை அவ ரூம் வாசல்ல போய் நின்னார்.

"கத்தினது தப்புதான் கண்ணு. மன்னிச்சிடு. ஆனா பொம்பளைப் பிள்ளை முடி வெட்டக் கூடாதுங்கிற கருத்துல மாற்றம் இல்ல."

"சரிப்பா. நானும் எதிர்த்துப் பேசினதுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன். வெட்டினதுல மாற்றம் இல்ல."

அப்பனுக்குத் தப்பாத பொண்ணுன்னு நான் அடுப்படியில சிரிச்சேன்.

இதெல்லாம் வேடிக்கையா இருந்தது, நர்ஸம்மா விஷயம் வர்ற வரைக்கும். அவங்க எதிர்க்கட்சி எம்.எல்.ஏ., முன்னாடி ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவங்க. பள்ளிக்கூடம் பக்கம் எங்கேயும் சாராயக் கடை கூடாதுன்னு இவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். நர்ஸம்மா எழுந்து, "கடையை மூடினா குடிக்கிறவன் நிறுத்திடுவானா? கள்ளச் சாராயத்தைத் தேடிப் போவான். கண்ணு போய் வந்தவங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கேன்"னாங்க. இவருக்கு மூக்கு மேல கோபம். "உங்க வீட்டுல ஒரு குடிகாரன் இருந்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க"ன்னுட்டார்.

நர்ஸம்மா உக்காந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் குடிச்சே செத்தவர்னு பக்கத்து சீட்காரர் காதுல சொன்னப்புறம்தான் இவருக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி தட்டுல சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார், வாய்க்குப் போகலை. எனக்கே பாவமாப் போச்சு.

அந்த வாரம் பார்த்து கட்சியில சீட் பங்கீடு. ரெண்டு எம்.எல்.ஏ. புதுசா எதிர்க்கட்சிப் பக்கம் தாவியிருந்ததால தலைவர் கொதிச்சுப் போய் இருந்தார். "எவனாவது அவங்க வீட்டு வாசப்படி மிதிச்சான்னு கேள்விப்பட்டேன், சீட் கிடையாது"ன்னு போன்ல சொன்னது எனக்கே கேட்டுது.

"சீட் அறிவிக்கட்டும், அப்புறம் போங்க. ஒரு மாசம் திருவிருந்து எடுக்கலைன்னா என்ன, வானமா இடிஞ்சு விழுந்துடும்?"னேன்.

"சீட்டுக்காக ஒரு மாசம் தள்ளிப் போட்டா, அப்புறம் எல்லாத்தையும் தள்ளிப் போடுவேன்"னார்.

சொல்லி ஆகாதுன்னு நானும் கூடவே போனேன். நர்ஸம்மா வீடு மாடியில. கொடியில துணி காயுது, மேசை மேல பிரஷர் பாக்குற மிஷின். இவர் உக்காரக்கூட இல்ல. "தெரியாம சொன்னேன்னு தப்பிக்க மாட்டேன். தெரியலைன்னாலும் அப்படி யாரையும் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்கம்மா"ன்னார்.

அந்தம்மா மேசை மேல இருந்த மிஷினை எடுத்தாங்க. அப்புறம், "உக்காருங்க, கையை நீட்டுங்க"ன்னு பிரஷர் பாத்தாங்க. "இப்படியே கத்திக்கிட்டு இருந்தா நீங்களும் சீக்கிரம் போய்ச் சேருவீங்க. மன்னிச்சாச்சு. ஆனா உங்க மசோதா தப்பு."

"மசோதாவுல மாற்றம் இல்ல"ன்னார் இவர்.

அவ்வளவுதான், ஆரம்பிச்சுது. டீ ஆறி ஆடை கட்டிப்போச்சு. கடையை மூடினா குடிக்கிறவனை எங்கே அனுப்புவீங்கன்னு அவங்க திரும்பத் திரும்பக் கேட்டாங்க. இவர் மூடணும்னே சொல்லிக்கிட்டு இருந்தார். கடைசியில, "எங்க அண்ணனுக்கும் போறதுக்கு ஒரு இடம் இல்லம்மா"ன்னார். மூடுற ஒவ்வொரு கடைக்கும் பக்கத்து ஆஸ்பத்திரியில குடியை விடவைக்க ஒரு வார்டு திறக்கணும்னு மசோதாவுல சேர்க்கிறதா ஒத்துக்கிட்டு இறங்கினோம்.

கீழே எவனோ போட்டோ எடுத்துட்டான். மறுநாள் பேப்பர்ல வந்துடுச்சு. தலைவர் கட்சி ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினார், நானும் கூடப் போய்க் கதவுக்கு வெளியே நின்னேன்.

"அந்தம்மாவே எனக்குப் போன் பண்ணாங்க"ன்னார் தலைவர். "'அவரை எங்க பக்கம் தள்ளிவிட்டுடாதீங்க, என் வீட்டுலயே உக்காந்து என் கட்சியைத் திட்டின மனுஷன், எங்களால தாங்க முடியாது'ங்கிறாங்க. நீ தாவலைன்னு எனக்குத் தெரியுதுய்யா. அங்க போனது தப்புன்னு ஒரு வார்த்தை எல்லார் முன்னாடியும் சொல்லிடு. சீட் உனக்குத்தான்."

"சட்டமன்றத்துல பேசினதுதான் தப்பு, தலைவரே. போனது தப்புன்னு எப்படிச் சொல்வேன்?"

சீட் தன் தங்கச்சி மகனுக்குன்னு அங்கேயே சொல்லிட்டார் தலைவர். இவர் கும்பிட்டுட்டு வெளியே வந்துட்டார். என்னால முடியலை. உள்ளே போய், "தாவுறவனைப் பிடிச்சு வெக்கத் துப்பில்ல, தாவாதவனைத் துரத்துறீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்"னு கட்சி ஆபீஸே திரும்பிப் பாக்குற மாதிரி கேட்டுட்டு வந்தேன்.

தேர்தலுக்கு முன்னாடி நடந்த கடைசிச் சட்டமன்றக் கூட்டத்துல மசோதா வந்துது. முதல்ல எழுந்து ஆதரிச்சது நர்ஸம்மா. அந்தப் பக்கம் பாதிப் பேர் அவங்க பின்னாடி எழுந்தாங்க. நிறைவேறிடுச்சு. இவர் குனிஞ்சு கண்ணைத் துடைச்சதை டி.வி.யில பாத்தேன்.

இப்போ திரும்பவும் காயில் கடைதான். முதல் வேலையா வந்தது நர்ஸம்மா வீட்டுல கருகிப்போன ஃபேன். போன மாசம் முதல் வார்டு திறந்தாங்க, எட்டுக் கட்டில். திறப்பு விழாவுக்கு இவரை யாரும் கூப்பிடலை. மறுநாள் தானே போய் ஒவ்வொரு கட்டிலையும் தொட்டுப் பாத்துட்டு வந்தார்.

போன சனிக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தார்.

"இப்பத்தான் எம்.எல்.ஏ. இல்லையே. இன்னும் யாருக்கு உங்க மேல வருத்தம்?"னேன்.

"என் மேல யாருக்கும் இல்ல. வண்டி ஓட்டத்தான் கிளம்புறேன்"னு சொல்லிட்டு என்னையே பாத்தார்.

"என்ன பாக்குறீங்க?"

சாவியை எடுத்துக்கிட்டு வாசல்ல போய் நின்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. அரை மணி நேரம் அடுப்படியில பாத்திரத்தை உருட்டினேன். அவர் நின்ன இடத்தை விட்டு அசையலை. கடைசியில செருப்பை மாட்டினேன்.

வண்டி நின்னது தலைவர் வீட்டு வாசல்ல, அவரே வந்து கதவைத் திறந்தார். அன்னைக்கு ஆபீஸ்ல கேட்டதையெல்லாம் அவர் மறக்கலைன்னு முகமே சொல்லுச்சு.

"அத்தனை பேர் முன்னாடி கத்தினது தப்புங்க. மன்னிச்சிடுங்க"ன்னேன். "ஆனா சொன்னதுல மாற்றம் இல்ல."

தலைவர் என்னைப் பாத்தார், எனக்குப் பின்னாடி சாவியோட நின்ன இவரைப் பாத்தார். அப்புறம் கதவை நல்லா அகலத் திறந்து, "சொன்னது சரிதாம்மா. உள்ள வாங்க, ரெண்டு பேரும்"னார்.