ப்ளூரே பெரியண்ணன்

காட்டூரில் எங்கள் தெருவுக்கு வந்து பெரியண்ணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ப்ளூரே பெரியண்ணன் என்றால் நாய்கூட வழிகாட்டும். ஓய்வுபெற்ற டிராப்ட்ஸ்மேன். ஊரே கல்யாண வீடியோவை போனில் பார்க்கிறது. இவர் மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கில் பதியும் ரைட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு, ப்ளூரே டிஸ்க்கில் ஏற்றித் தருகிறேன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பார். "பென்டிரைவெல்லாம் ஒரு பொருளாங்க? ப்ளூரேன்னா நூறு வருஷம் நிக்கும்." கூட இருந்து எண்ணிப் பார்த்தவர் இவர்!

போன மாதம் எதிர்வீட்டு அனுசுயா மாட்டிக்கொண்டாள். மகள் கல்யாணம் முடிந்த நாலாம் மாதம் அனுசுயாவின் புருஷன் அன்புச்செல்வன் மாரடைப்பில் போய்விட்டார். வரவேற்பில் மைக்கைப் பிடித்து மகளைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருந்தார். அவர் குரல் என்று மிஞ்சியது அதுதான். வீடியோ எடுத்தவரும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டதால், அது ஒரே ஒரு பென்டிரைவில்தான் இருந்தது. "பத்திரமா இருக்கும்னா ஏத்திக் குடுங்கண்ணே" என்று கொடுத்துவிட்டாள்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஏற்றினார். அதோடு விட்டிருக்கலாம். சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி கும்பிடாமல் எந்தப் புதுப்பொருளும் பெரியண்ணன் வீட்டு வாசலைத் தாண்டாது. டிஸ்க்கின் மேல்பக்கம் தன் பெயரைப் பெரிதாக அச்சடித்திருந்தார். அங்கே பொட்டு வைத்தால் பெயர் மறைந்துவிடுமாம். அதனால் அந்த மகா புத்திசாலி டிஸ்க்கைத் திருப்பி, படம் பதிந்திருக்கும் பளபளப்பான பக்கத்தில் மூன்று பொட்டு வைத்தார். காய்ந்த பிறகு ஞானம் பிறந்து, பாத்திரம் தேய்க்கும் நாரால் அழுத்தித் தேய்த்தார். அவர் மனைவி ராக்கம்மாள் சொல்லித்தான் இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தன் பிளேயரையும் தூக்கிக்கொண்டு அனுசுயா வீட்டுக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தாள். படம் என்னவோ அருமையாகத்தான் ஓடியது. அன்புச்செல்வன் மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். படம் அப்படியே நின்றுவிட்டது. நாலு முறை போட்டும் அதே இடம்தான்.

"பென்டிரைவ் எங்கண்ணே?" என்றாள் அனுசுயா.

"இந்தாம்மா. பழசையெல்லாம் அழிச்சுட்டேன். சும்மா குடுக்க வேணாமேன்னு முழுக்க பக்திப் பாட்டு ஏத்தியிருக்கேன். கம்ப்யூட்டர்லயும் இடத்த அடைக்குதுன்னு எடுத்துட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அனுசுயா திட்டவில்லை, அழவும் இல்லை.

"தொண்டையைச் செருமுற வரைக்கும் வருதுல்ல? அதை இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்றாள்.